முழங்கால் நோயும் கைம்மருத்துவமும்: ஒரு வரலாற்று ஒப்பாய்வு

1. முன்னுரை

கோயம்புத்தூர் மாநகரின் தெற்கு வாயில் என உக்கடத்தைக் கூறலாம். பாலக்காட்டிற்கும் பொள்ளாச்சிக்கும் செல்லும் வழிகள் இதனூடே செல்கின்றன. பெரியகுளத்தின் கரையும், பேருந்து நிலையமும், மொத்த மீன் அங்காடியும் இப்பகுதியின் அடையாளங்கள். விடியுமுன் கூடை சுமப்போரும், நாள் முழுதும் நின்று விற்போரும், தரையிலமர்ந்து கைத்தொழில் செய்வோரும், நாளும் ஐந்து வேளை மண்டியிட்டுத் தொழுவோரும் இங்கு மிகுதி. இவர்தம் வாழ்க்கை முழங்காலை நம்பியது.

அம்முழங்கால் நோவத் தொடங்கின் செல்லத்தக்க இடங்களும் அணித்தே உள்ளன. மேற்கே, எலும்பு முறிவிற்குக் கட்டுக் கட்டுவதில் நெடுநாளாகப் பெயர் பெற்ற தெலுங்குபாளையம் உள்ளது. கிழக்கே, திருச்சிச் சாலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. அதற்கும் கிழக்கே, இராமநாதபுரத்தில், பி. வி. இராம வாரியர் 1943இல் தொடங்கிய ஆரிய வைத்திய பார்மசியின் மருத்துவ நிலையம் உள்ளது. இவற்றிற்கிடையே தெருவுக்குத் தெரு இயன்முறை மருத்துவ நிலையங்கள் தோன்றியுள்ளன. ஒரு மரபு எண்ணெயிட்டு நீவும். ஒரு மரபு கிழி கொண்டு ஒற்றும். ஒரு மரபு கருவியால் வெப்பமூட்டிப் பின் தொடைத் தசைக்குப் பயிற்சி தரும்.

இவற்றுள் எது சிறந்தது என்னும் வினாவிற்கு இருவகை விடைகள் வழங்குகின்றன. நம் முன்னோர் ஏட்டில் எழுதி வைத்த கைம்முறையே சிறந்தது, மேனாட்டார் அதனையே பிற்காலத்தில் கண்டனர் என்பது ஒன்று. கையால் நீவுதல் பாமரர் வழக்கம், பயிற்சியே அறிவியல் என்பது மற்றொன்று. இரண்டும் வரலாற்றை நோக்காது கூறப்படுவன என்பது எம் கருத்து. யாம் மருத்துவர் அல்லேம். ஆகலின் எந்நோயாளிக்கு எம்மருத்துவம் தக்கது எனக் கூற முற்படவில்லை. சொற்களையும் நூல்களையும் ஆராய்வார்க்கு இப்பொருளில் ஒரு கடமை உண்டு என்பதனைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. நோயின் பெயர்

முதற்கண் பெயரை ஆராய்வோம். ‘கீல்’ என்பது பொருத்து. கதவின் கீலும் உடலின் கீலும் ஒரு சொல்லாலேயே வழங்கின. ‘கீல்வாயு’ என்பது பொருத்துகளில் வளி மிகுந்து நிற்கும் நிலையைக் குறிப்பது. யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி வாத நோய்களை 80 எனத் தொகுத்துரைக்கும். கீல்வாயுவைச் சித்த மருத்துவர் பத்தாகப் பகுப்பர். வளி, அழல், ஐயம் எனத் தனித்து நின்ற குற்றத்தால் மூன்று. இரு குற்றங்கள் தம்முள் மிகுந்தும் குறைந்தும் கூடுதலால் ஆறு. முக்குற்றமும் கூடியதால் ஒன்று. இப்பகுப்பு கணக்கில் வழுவாதது. கற்பார் நினைவிற்கும் எளிது.

இன்று சித்த மருத்துவக் கல்லூரிகளில் முழங்காலில் முதுமையில் தோன்றும் மூட்டுநோயை அழல் கீல்வாயுவோடு பொருத்திக் கூறுவர். பயிற்றுதற்கும் ஆய்விற்கும் இப்பொருத்தம் பயன்படுகின்றது. ஆயின் அதனை வரலாற்று உண்மையாகக் கொண்டு, பழைய நூலார் இந்நோயையே தனித்து அறிந்திருந்தனர் என்று கூறல் பொருந்துமா? சித்த நூலார் பகுப்பு குற்றத்தை அடிப்படையாகக் கொண்டது. இக்கால மருத்துவத்தின் பகுப்போ குருத்தெலும்பு, எலும்பு, மூட்டின் உட்படலம் ஆகியவற்றில் காணும் மாறுதலை அடிப்படையாகக் கொண்டது. அடிப்படை வேறாயின் இரு பெயரும் ஒரு பொருளைச் சுட்டா. ஒரு பெயர் மற்றொன்றன் ஒரு பகுதியைத் தழுவும். வேறொரு பகுதியை விடும்.

மேனாட்டிலும் இந்நோய் தெளிவாகப் பிரித்தறியப்பட்டது அண்மையிலேதான். ஊடுகதிரை இரான்ட்கன் கண்டது 1895இல். முடக்குவாதமும் இம்மூட்டுநோயும் வெவ்வேறு என ஆர்ச்சிபால்டு காரட் தெளிவுறுத்தியது 1907இல். ஊடுகதிர்ப் படத்தைக் கொண்டு நோயின் நிலையை அளந்து வகுக்கும் முறையைக் கெல்கிரனும் இலாரன்சும் வெளியிட்டது 1957இல். ஐரோப்பாவிலேயே ஒரு நூற்றாண்டிற்குச் சற்று மேற்பட்ட வரலாறுடைய ஒரு பகுப்பைப் பழைய ஏட்டில் தேடுதல் ஏட்டிற்கும் பெருமை சேர்ப்பதாகாது.

இக்காலத்தில் மக்கள் வழங்கும் பெயர் ‘மூட்டுத் தேய்மானம்’ என்பதாகும். இச்சொல் எளியது, பொருள் உடனே விளங்குவது. அவ்வெளிமையே தீங்கும் பயக்கின்றது. தேய்மானம் என்பது செருப்பிற்கும் சக்கரத்திற்கும் பொருந்தும் சொல். வழங்க வழங்கத் தேயும். வழங்காது வைப்பின் தேயாது. இச்சொல்லைக் கேட்ட நோயாளி, நடந்தால் இன்னும் தேயும் என முடிவு செய்து நடையைக் குறைக்கின்றார். நடை குறையத் தொடைத் தசை மெலியும். தசை மெலிய மூட்டின் சுமை மிகும். சுமை மிக நோவும் மிகும். இந்நோய் வெறுந்தேய்வு அன்று, மூட்டு முழுவதையும் பற்றிய நோய் என்பதும், அளவறிந்த பயிற்சி முதன்மையான மருத்துவம் என்பதும் இன்று மருத்துவ உலகம் ஒப்பியவை. ஆகலின் ஒரு தமிழ்ச் சொல் தமிழரை உட்கார வைக்கின்றது எனலாம். கலைச்சொல்லாக்கம் உடல் நலத்தையும் தொடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

3. தொக்கணம்

சித்த மருத்துவம் மருந்தை அகமருந்து 32 எனவும் புறமருந்து 32 எனவும் பகுக்கும். புறமருந்தின் நிரலில் கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது, பொட்டணம் என்பனவற்றோடு தொக்கணமும் எண்ணப்படுகின்றது. எலும்பு முறிவைச் சீர்செய்யும் ‘முறிச்சல்’ அந்நிரலில் வேறாக நிற்கின்றது. எனவே கையால் உடலைப் பக்குவம் செய்தலும் முறிந்த எலும்பைப் பொருத்தலும் இரு வேறு தொழில்கள் என்பதனை நூலார் உணர்ந்திருந்தனர் என்பது பெறப்படும். இன்றும் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி, ‘கட்டுப் போடுவோரிடம்’ எல்லா மூட்டு நோவிற்கும் செல்வோர் இவ்வேறுபாட்டை அறிதல் நன்று.

தொக்கணத்தின் வகை ஒன்பது: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். மருத்துவர் உத்தமராயனின் சித்த மருத்துவாங்கச் சுருக்கம் இவற்றைக் கற்பார்க்கு எடுத்துரைக்கும் நூல்களுள் குறிப்பிடத்தக்கது.

இவ்வொன்பதையும் மேனாட்டு நீவுமுறையோடு ஒப்பிட்டு நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். ஆலந்து நாட்டு மருத்துவர் யோகான் மெட்சுகர் (1838–1909) பெயரோடு தொடர்புபடுத்தி வழங்கும் பகுப்பு தடவல், பிசைதல், தேய்த்தல், தட்டல் என்னும் நான்கு. இவை யாவும் தோலையும் தசையையும் பற்றியன. தொக்கணத்தின் ஒன்பதிலோ தட்டல், இறுக்கல், பிடித்தல், அழுத்தல் என்பன தசையைப் பற்றியன. முறுக்கல், இழுத்தல், அசைத்தல் என்பன உறுப்பையும் அதன் பொருத்தையும் இயக்குவன. கைகட்டலும் மல்லாத்துதலும் நோயாளியின் உடல் முழுவதன் நிலையையும் பற்றியன. எனவே தொக்கணத்தை ‘மசாஜ்’ எனப் பெயர்த்தல் குன்றக் கூறலாம். நீவுதலையும் மூட்டியக்கத்தையும் ஒரு தலைப்பின்கீழ்க் கொண்டது தொக்கணம். இக்காலத்தில் ‘கைமுறை மருத்துவம்’ என மேனாட்டார் கூறும் துறையோடு ஒப்பிடத்தக்கது இதுவே.

பேச்சு வழக்கும் இதற்கு அரணாகின்றது. கொங்கு நாட்டில் நீவுதல், உருவுதல், வழித்தல், அமுக்குதல், பிடித்துவிடுதல், மிதித்தல் எனச் சொற்கள் பலவாக வழங்குகின்றன. சுளுக்கை வழிப்பர், கால் நோவைப் பிடித்துவிடுவர், முதுகை மிதிப்பர். ஒரு சொல் நின்ற இடத்தில் மற்றொன்றை வைப்பின் கேட்போர் திருத்துவர். சொல் வேறுபாடு தொழில் வேறுபாட்டைக் காட்டும்.

ஆயினும் ஒரு குறை தெளிவாகத் தெரிகின்றது. எவ்விடத்தில், எத்திசையில், எவ்வளவு விசையோடு, எத்தனை முறை, எந்நிலையில் நிறுத்த வேண்டும் என்பன தொக்கண வகைகளைக் கூறும் செய்யுட்களில் விரிவாக இல்லை. நூல் பெயரைத் தந்தது; அளவை ஆசான் கைதந்தது. ஆசானும் மாணாக்கனும் ஒருங்கிருந்த காலத்து இது குறையாகத் தோன்றவில்லை. அத்தொடர் அறுந்தபின் பெயர் மட்டும் எஞ்சுகின்றது.

4. மேனாட்டில் கையும் பயிற்சியும்

இயன்முறை மருத்துவம் தோன்றிய வரலாற்றை நோக்கின், அதுவும் கையினின்றே தோன்றியமை விளங்கும். சுவீடன் நாட்டுப் பேர் என்றிக் இலிங் 1813இல் இசுடாக்கோமில் உடற்பயிற்சி நிறுவனம் ஒன்றை நிறுவினார். இங்கிலாந்தில் 1894இல் நான்கு பெண்டிர் கூடி, பயிற்சி பெற்ற நீவுநர் சங்கம் ஒன்றை அமைத்தனர். நீவுதல் என்னும் பெயரால் அந்நாளில் நடந்த முறைகேடுகளினின்று தம் தொழிலைக் காத்தலே அவர் நோக்கம். 1920இல் அச்சங்கம் நீவுதல், மருத்துவ உடற்பயிற்சி என்னும் இரண்டையும் பெயரிற் கொண்டு அரச பட்டயம் பெற்றது. 1944இல் இயன்முறை மருத்துவச் சங்கம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ‘நீவுதல்’ என்னும் சொல் அப்பெயரினின்று மறைந்தது. ஐம்பதாண்டில் ஒரு தொழில் தன் பிறப்பைத் தன் பெயரினின்று நீக்கிய வரலாறு இது.

பயிற்சியின் பக்கம் வலுப்பெற்றமைக்குப் போர்கள் ஒரு காரணம். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், அமெரிக்கப் படை மருத்துவர் தாமசு திலோர்ம் முழங்கால் காயமுற்ற வீரர்க்குச் சுமையைப் படிப்படியாக ஏற்றித் தொடைத் தசையை வலுவாக்கும் முறையைக் கையாண்டு 1945இல் வெளியிட்டார். இன்று முழங்கால் நோயாளி காலில் எடை கட்டி நீட்டி மடக்கும் பயிற்சிக்கு வேர் இதுவே.

கைமுறையின் பக்கம் நிகழ்ந்தது இதனினும் நம் கருத்திற்குரியது. இங்கிலாந்தில் எலும்பு பொருத்துவோர் எனப்படும் மரபு வைத்தியர் இருந்தனர். மருத்துவர் அவரை இகழ்ந்தனர். ஆயினும் தம்மால் தீராத மூட்டு நோவுகள் சில அவரிடம் தீர்தலையும் கண்டனர். அறுவை மருத்துவர் சேம்சு பேசட்டு 1867இல் ஆற்றிய சொற்பொழிவில், அவர் தீர்க்கும் நோய்கள் யாவை என ஆராய்ந்து, அவரிடமிருந்து கற்பன கற்றுத் தள்ளுவன தள்ளுமாறு தம் மாணாக்கர்க்கு அறிவுறுத்தினார். பின்னர் வார்ட்டன் ஊடு என்னும் மருத்துவர், இரிச்சர்டு அட்டன் என்னும் மரபு வைத்தியரிடம் சென்று அவர் தொழிலை உடனிருந்து கற்றார். அட்டன் நோயுற்றபோது ஊடின் தந்தையார் பொருள் பெறாது மருத்துவம் செய்தமைக்கு நன்றியாக அக்கல்வி தரப்பட்டது. 1871இல் ஊடு தாம் கண்டவற்றை முதலில் மருத்துவ இதழிலும் பின் நூலாகவும் வெளியிட்டார். எந்த மூட்டை எவ்வாறு பற்றுவது, விரலை எங்கு ஊன்றுவது, எத்திசையில் திருப்புவது என்பன அந்நூலில் விளக்கமாக உள்ளன.

எழுதப்பட்டதனால் பிறர் அதனைச் செய்து பார்க்கவும் மறுக்கவும் திருத்தவும் இயன்றது. இருபதாம் நூற்றாண்டில் சேம்சு சிரியாக்சும், நார்வேயின் கால்டன்பார்னும், ஆத்திரேலியாவின் மெயிட்லாந்தும், நியூசிலாந்தின் மல்லிகனும் இத்துறையை மேலும் வகுத்தனர். கை, கால் மூட்டுகளைப் பற்றிய மெயிட்லாந்தின் நூல் 1970இல் வெளிவந்தது. மூட்டை அசைக்கும் அசைவை அவர் அதன் வீச்சும் இடமும் நோக்கித் தரம் பிரித்து எண்ணிட்டார். அசைத்தல் என்னும் ஒரு சொல்லால் நம் நூலார் கூறியது அவரிடத்து அளவு பெற்றது. 1974இல் இத்துறையினர்க்குப் பன்னாட்டுக் கூட்டமைப்பும் தோன்றியது. பெயரினின்று நீக்கப்பட்ட கை, எண்ணும் எழுத்தும் பெற்று மீண்டும் உள்ளே புகுந்தது.

5. தமிழ்நாட்டில்

நம் நாட்டில் இவ்விரு மரபுகளும் தனித்தனி வழியே வந்தன. உள்நாட்டு மருத்துவத்தை ஆராய 1921இல் சென்னை அரசு அமைத்த உசுமான் குழு 1923இல் அறிக்கை தந்தது. அதன் பயனாக 1925இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. 1964இல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரியும், 2005இல் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் ஏற்பட்டன. புறமருத்துவமும் வருமமும் இன்று பட்ட மேற்படிப்பிற்குரிய பாடங்கள். ஆயின் தெலுங்குபாளையத்திலும், தமிழ்நாடெங்கும் பெயர் பரவிய ஆந்திர நாட்டுப் புத்தூரிலும் காண்பன போன்ற குடிவழித் தொழில்கள் இக்கல்லூரிகளுக்கு வெளியே வளர்ந்தன.

இயன்முறை மருத்துவம் இளம்பிள்ளை வாதத்தின் வழியாக இந்தியாவிற்குள் வந்தது. 1953இல் பம்பாயில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையோடு இதற்கெனப் பள்ளி தொடங்கிற்று. 1955இல் இந்திய இயன்முறை மருத்துவர் சங்கம் அமைந்தது. தமிழ்நாட்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இதற்கு உரமூட்டியது. 1946இல் அங்கு வந்த பால் பிராண்டு தொழுநோயாளரின் மடங்கிய விரல்களுக்கு நாண் மாற்றி அறுவை செய்தார். அறுவைக்குப் பின் அவ்விரல்களை மீண்டும் தொழில் செய்யப் பழக்கிய பெருமை இயன்முறை மருத்துவர்க்கு உரியது. விபத்தில் இரு கால்களும் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீசு, நியூயார்க்கில் பயின்று மீண்டு, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்தை நிலைநாட்டினார். அதற்கான நிறுவனம் 1966இல் திறக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு ஆகத்து 5ஆம் நாள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் அரசுத் திட்டம் இயன்முறை மருத்துவரை நோயாளியின் வீட்டு வாயிலுக்கே அனுப்புகின்றது. உக்கடத்துத் தெருக்களில் வாழும் எளியோர்க்கு இஃது ஒரு பெரும் மாறுதல்.

இரு மரபும் அடுத்தடுத்து வாழ்ந்தும் ஒன்றன் ஏட்டை மற்றொன்று படிக்கவில்லை. பேசட்டும் ஊடும் தம் நாட்டு மரபு வைத்தியரை நோக்கியவாறு நோக்கினார் இங்கு அரியர். அட்டன்கள் இங்கும் இருந்தனர். அவரிடம் சென்று, கண்டது கண்டவாறு எழுதும் ஊடு வரவில்லை.

6. ஒப்பாய்வுகள் கூறுவன

இனி, கைமுறையையும் வழக்கமான இயன்முறையையும் முழங்கால் நோயில் ஒப்பிட்ட ஆய்வுகளைக் காண்போம். அமெரிக்காவின் சான் அந்தோனியோவில் கெயில் தெய்ல் முதலியோர் 83 நோயாளரை இரு குழுவாக்கினர். ஒரு குழுவிற்குக் கைமுறையும் பயிற்சியும் தந்தனர். மற்றொரு குழுவிற்குப் பயன் தரும் அளவிற்குக் குறைந்த ஒலியலை மட்டும் தந்தனர். 2000இல் வெளிவந்த முடிவின்படி, எட்டு வாரத்தில் முதற்குழுவினரின் நோவும் இயலாமையும் சேர்ந்த மதிப்பெண் 55.8 விழுக்காடு சீரடைந்தது. ஓராண்டில் முழங்கால் அறுவைக்கு உட்பட்டோர் முதற்குழுவில் 5 விழுக்காடும், மற்றதில் 20 விழுக்காடும் ஆவர். இம்முடிவு சிறந்தது. ஆயின் கையும் பயிற்சியும் சேர்ந்தே தரப்பட்டமையால் எதன் பங்கு எவ்வளவு என்பது இதனால் விளங்காது.

அவரே 2005இல் 134 நோயாளரிடம் செய்த ஆய்வு ஒருபடி முன் சென்றது. ஒரு குழு வீட்டிலேயே பயிற்சி செய்தது. மற்றது மருத்துவ நிலையத்தில் கைமுறையோடும் மேற்பார்வையோடும் பயிற்சி பெற்றது. நான்கு வாரத்தில் நிலையத்தார் 52 விழுக்காடும் வீட்டார் 26 விழுக்காடும் சீரடைந்தனர். ஓராண்டு முடிவிலோ இரு குழுவினரும் தொடக்கத்தினும் நன்னிலையில், ஏறத்தாழ ஒத்து நின்றனர். கையின் பயன் விரைவில் தோன்றியது. பயிற்சியின் பயன் மெல்ல வந்து அதனை எட்டியது.

2013இல் வெளிவந்த நியூசிலாந்து ஆய்வு வேறு கூறுகின்றது. இடுப்பு, முழங்கால் நோயாளர் 206 பேரைக் கைமுறை மட்டும், பயிற்சி மட்டும், இரண்டும், வழக்கமான கவனிப்பு என நான்காகப் பிரித்தனர். ஓராண்டில் கைமுறையும் பயிற்சியும் தனித்தனியே பயன் தந்தன. இரண்டையும் சேர்த்ததனால் மிகுபயன் காணப்படவில்லை. 222 பேரை உட்படுத்தி 2019இல் வெளிவந்த நீவுமுறை ஆய்வில், நீவுதல் பெற்றோர் எட்டாம் வாரத்தில் மெல்லத் தொடுதல் பெற்றோரினும் நலமுற்றனர்; 52ஆம் வாரத்தில் அவ்வேறுபாடு நிலைக்கவில்லை. 2019இல் அமெரிக்க வாதநோய் மருத்துவக் கல்லூரி வெளியிட்ட நெறிமுறை பயிற்சியை உறுதியாகப் பரிந்துரைத்து, அதனோடு கைமுறையைச் சேர்த்தலை நிபந்தனையோடு மறுத்தது. 2022இல் இங்கிலாந்தின் நெறிமுறை, கைமுறையைத் தருவதாயின் பயிற்சியோடு சேர்த்தே தருக என்றது.

இவ்வாய்வுகள் தம்முள் முழுதும் ஒத்தன அல்ல. ஆயினும் ஒன்று துணியலாம். கை நோவைத் தணிக்கும், அதுவும் விரைவாக. ஆயின் நோயாளியின் தசையை வலுப்படுத்துதல் பிறர் கையால் ஆகாது. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளியையும் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக வைத்தது. இந்நோயில் அக்கூறு முன்னிற்கின்றது. நோவு தணிந்த சில நாளில் நோயாளி எழுந்து நடக்கவும் பயிலவும் முற்படின், கை தந்த பயன் நிலைபெறும். நீவியபின் மீண்டும் கட்டிலில் கிடப்பின் அப்பயன் கரையும்.

இவ்வாய்வுகளில் மற்றொன்றும் நோக்கத்தக்கது. ஆங்குக் கைமுறை எனப்பட்டது மெயிட்லாந்து முதலியோர் வகுத்த முறையும் சுவீடன் நாட்டு நீவுமுறையும் ஆகும். தொக்கணம் அவற்றுள் இல்லை. ஆகலின் இவற்றைக் காட்டித் தொக்கணத்தைப் புகழ்தலும் இகழ்தலும் ஒருங்கே தவறாம். ஒப்பிட வேண்டின் ஒருவர் செய்ததை மற்றொருவர் அவ்வாறே செய்தல் வேண்டும். அதற்கு விரிவான எழுத்து வேண்டும்.

மரபு மருத்துவத்தை முறையாக ஒப்பிட இயலாது என்பார்க்குக் கோயம்புத்தூரே விடை. முடக்குவாதத்திற்கு ஆயுர்வேத மருத்துவத்தின் பயனை அறிய 1977இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக நலவாழ்வு நிறுவனமும் தொடர்புற்ற ஆய்வு இந்நகரில் தொடங்கியது. பின்னர் 2011இல் வெளிவந்த ஆய்வொன்றில், 43 நோயாளரை மூன்றாகப் பிரித்து, ஆயுர்வேத மருந்து, மெத்தோட்ரெக்சேட்டு என்னும் மேனாட்டு மருந்து, இரண்டும் எனத் தந்து, எவர் எது பெற்றார் என்பது நோயாளர்க்கும் அளப்போர்க்கும் தெரியாதவாறு 36 வாரம் நோக்கினர். சிறிய அளவிலான அம்முன்னோட்ட ஆய்வில் மூன்று குழுவும் ஏறத்தாழ ஒத்த பயன் கண்டன. நோயும் வேறு, அங்கு ஒப்பிட்டது மருந்தை என்பதும் உண்மை. மருந்தை ஒத்த உருவில் மறைக்கலாம். கையை மறைக்க இயலாது. இத்தடை தொக்கணத்திற்கு மட்டும் உரியதன்று. மேனாட்டுக் கைமுறைக்கும் உண்டு. குறை ஒலியலை, மெல்லத் தொடுதல் போன்ற மாற்றுகளால் அவர் அதனை ஓரளவு கடந்தனர்.

7. அளவுகோலின் மொழி

ஒப்பாய்வுகள் பெரும்பாலும் கையாளும் அளவுகோல் 1988இல் கனடாவில் பெல்லமி முதலியோர் வெளியிட்ட வினாநிரல். அதில் 24 வினாக்கள்: நோவு பற்றி 5, விறைப்புப் பற்றி 2, செயல் பற்றி 17. செயல் பற்றியவற்றுள் காலுறை அணிதல், காரில் ஏறி இறங்கல், குளியல் தொட்டியில் இறங்கி ஏறல் என்பன உள. குந்துதல், மண்டியிடுதல், சம்மணமிட்டு அமர்தல் என்பன இல. 1998இல் சுவீடனில் உருவான பிறிதொரு வினாநிரல் குந்துதலையும் மண்டியிடுதலையும் சேர்த்துக்கொண்டது.

உக்கடத்து மீன் அங்காடியில் குந்தியமர்ந்து விற்கும் பெண்மணிக்கும், பள்ளிவாசலில் மண்டியிட்டெழும் முதியவர்க்கும், தரையிலமர்ந்து நகை செய்யும் கொல்லர்க்கும் எவ்வினா பொருந்தும்? காலுறை அணிதலில் அவர் முழு மதிப்பெண் பெறுவர், வாழ்க்கையில் தோற்பர். கீழே அமராதீர் என்பது நோயாளர் கேட்கும் முதல் அறிவுரை. சிலர்க்கு அவ்வறிவுரையால் தொழிலே போகும். எனவே வினாக்களை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. எதனை வினாவ வேண்டும் என்பதனையே ஆராய வேண்டும். சொல்லையும் வழக்கையும் அறிந்தார் துணையின்றி இஃது இயலாது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் கீழ்வருவன பெறப்படும்.

கீல்வாயுவும் இக்கால மூட்டுநோயும் ஒன்றெனக் கொள்ளல் வரலாற்றிற்குப் பொருந்தாது. ‘தேய்மானம்’ என்னும் சொல் நோயாளியை நடையினின்று விலக்குவது. இதனை விடுத்து ‘முழங்கால் மூட்டுநோய்’ என்று வழங்குதலே போதும் என்பது எம் துணிவு.

தொக்கணம் வெறும் நீவுதலினும் விரிந்தது. மேனாட்டுக் கைமுறைக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு முற்பட்டது எது, பிற்பட்டது எது என்பதில் இல்லை. கையின் செயல் பிறர் திருப்பிச் செய்யுமாறு எழுதப்பட்டதா என்பதில் உள்ளது. எழுதப்பட்டது சோதிக்கப்பட்டது, சோதனையில் அதன் சிறப்பும் எல்லையும் ஒருங்கே வெளிப்பட்டன. எழுதப்படாதது புகழப்பட்டது; புகழ் அதனை அழிவினின்று காக்காது.

ஆகலின் தமிழ்த் துறையினர் முன் ஒரு பணி உள்ளது. ஏட்டுப் பாடங்களை ஒப்பிட்டு ஒன்பது வகைக்கும் திருந்திய விளக்கம் காண்டலும், கொங்கு நாட்டில் கைத்தொழிலாக இதனை அறிந்த முதியோரை அவர் இசைவோடு அணுகி, சொல்லையும் செயலையும் படத்தோடு பதிவு செய்தலும், அப்பதிவை இயன்முறை மருத்துவர், சித்த மருத்துவர் ஆகிய இரு சாராரிடமும் ஒப்படைத்தலும் அப்பணியின் மூன்று கூறுகள். முதலாவது நம் துறையின் பழைய தொழில். இரண்டாவது பட்ட மேற்படிப்பு மாணாக்கர் விடுமுறைக் காலத்திலேயே தொடங்கத் தக்கது. மூன்றாவது முடிந்தபின்னரே, தொக்கணமா பயிற்சியா என்னும் வினாவிற்கு விடை காணும் ஆய்வு தொடங்க இயலும். முதியோர் கைகள் நெடுநாள் காத்திரா. ஆகலின் இரண்டாவதை முதலில் தொடங்குதல் தகும்.